எடவம் ஒன்றாம் தேதிப் படகு

சுபகிருது வருஷம், சித்திரை மாதக் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1962 மே மாதம். அன்று மாலை நாலே முக்கால் மணிக்கு மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கினேன். கையில் ஒரு தோல்பையும் குடையும். சட்டைப்பையில் நாலாக மடித்த ஓர் அட்டவணை. அந்த அட்டவணையைத் தயாரிக்க இரண்டு பேருக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

இரண்டு பேரில் ஒருவன் நான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் உதவியாளன். மற்றவர் மீரான் ராவுத்தர். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் எழுத்தர். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம். எங்கள் பழக்கம் ஒரு பிழையில் தொடங்கியது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மாத இதழில் கலங்கரை விளக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் இரண்டு தவறுகள் இருப்பதாக ஆசிரியருக்கு எழுதினேன். அடுத்த இதழில் என் கடிதத்தைப் போட்டார்கள். அதற்கடுத்த இதழில், ‘பாளையங்கோட்டை நண்பர் மூன்றாவது தவறைக் கவனிக்கவில்லை’ என்று மட்டாஞ்சேரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதான். அன்றிலிருந்து மாதம் ஒரு கடிதம் நான் எழுதுவேன், ஒன்று அவர் எழுதுவார். நேரில் பார்த்ததில்லை. புகைப்படம் மாற்றிக்கொள்ளவும் தோன்றவில்லை.

கொச்சியில் புறப்பட்டுக் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போவது என்பது எங்கள் திட்டம். மணற்கரைக் கடல் இருவருக்கும் பழக்கம். பாறையில் வந்து மோதும் கடலைத்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தோம். வர்க்கலையில் செம்மண் குன்று ஒன்று கத்தியால் அறுத்தாற்போல நின்று நேரே கடலில் இறங்குகிறது என்று ராவுத்தர் யாரிடமோ கேட்டு எழுதியிருந்தார். பிறகு கோவளம், விழிஞ்ஞம், முட்டம் என்று பாறைக்கரைகள். எனக்குக் கோடை விடுமுறை உண்டு. அவருக்கு ஏழு நாள் விடுப்பு கிடைக்கத்தான் இரண்டு வருஷம் ஆயிற்று. எடவ மாதம் பாதியில் மழை இறங்கிவிடும், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ‘எடவம் ஒன்றாம் தேதி காலை ஏழு மணிப் படகு’ என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். எடவம் என்பது ரிஷப மாதம், நம்முடைய வைகாசி. என் அட்டவணையில் ‘வைகாசி 1’ என்று எழுதி, அதன் கீழே ஒவ்வொரு தேதிக்கும் ஓர் ஊரைக் குறித்துக்கொண்டேன்.

என் மனைவி காலமாகி ஐந்து வருஷம் ஆகிறது. மகன் வடக்கே வேலையில் இருக்கிறான். நூலகத்தில் பேசக் கூடாது என்பது விதி. வீட்டில் பேச ஆளில்லை. மாதத்தில் ஒரு நாள் தபால்காரர் கொண்டுவரும் அந்த உறையில் இருப்பதுதான் எனக்கு வாய்த்த பேச்சு. ஆகவே கடல் எப்படி இருக்கும் என்பதைவிட, காகிதத்தில் நன்றாகப் பழகிய இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வருமா என்பதே வழியெல்லாம் என் கவலையாக இருந்தது.

ராவுத்தர் தம் வீட்டில் தங்கச் சொல்லவில்லை. ‘மழைக்கு முன் ஓடு மாற்றுகிறோம், வீடு திறந்து கிடக்கிறது, மன்னிக்க வேண்டும். நேரே படகுத்துறையில் சந்திப்போம். அடையாளத்துக்குக் கறுப்புக் குடை வைத்திருப்பேன்’ என்று எழுதியிருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஓடு இல்லாத வீட்டில் நான் படுக்க மாட்டேனா?

கோயில் பக்கத்துச் சந்தில் பரமு ஐயர் என்பவர் கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே இரண்டு அறைகளும் வைத்திருந்தார். பாலக்காட்டுக்காரர். என்னைக் கண்டதும், “எங்கேர்ந்து வரேள்?” என்றார். பாளையங்கோட்டை என்றேன். “அப்போ நல்ல தமிழாக்கும். எங்க தமிழைக் கேட்டுச் சிரிக்கப்படாது, கேட்டேளா?” என்று சொல்லிவிட்டு, அதற்குள் அவரே சிரித்தார்.

இலையில் சிவப்பு அரிசிச் சோறு விழுந்தது. ஒவ்வொரு பருக்கையும் புளியங்கொட்டை பருமன். பல்லுக்கு எதிராக நின்று போராடுகிறது. எல்லாவற்றிலும் தேங்காயெண்ணெய். எங்கள் ஊரில் அது தலைக்குத் தேய்ப்பது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, சுடச்சுடக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மே மாத வெக்கையில் வெந்நீரா என்று முதலில் தோன்றியது. மூன்றாவது வாயில் அதன் நியாயம் புரிந்தது.

“காலம்பற நேரத்தே எழுப்பணுமோ?” என்று கேட்டார் ஐயர்.

“ஏழு மணிப் படகு. நானே எழுந்துகொள்வேன்.”

“செரி. நான் நாளன்னிக்குத்தான் விடியறத்துக்கு முன்னாடி எழுந்திருப்பேன். மாசப் பொறப்பு. அம்பலத்துக்குப் போகணும்.”

“மாதப் பிறப்பு நாளைக்கு” என்று திருத்தினேன்.

ஐயர் ஒரு கணம் விரலை மடக்கிப் பார்த்தார். “இருக்கும், இருக்கும். நீங்க படிச்சவா” என்று சொல்லி ரசத்தை ஊற்றினார்.

திங்கட்கிழமை, வைகாசி 1. காலை ஆறு பத்துக்குப் படகுத்துறையில் இருந்தேன். கறுப்புக் குடை என்று ராவுத்தர் எழுதியபோது எங்கள் ஊர் நினைவில் அது நல்ல அடையாளமாகத்தான் பட்டது. மட்டாஞ்சேரியில் அந்த நேரத்தில் படகுக்கு நின்ற அறுபது எழுபது பேரில் குடை இல்லாதவர் இருவர். ஒருவர் கன்னியாஸ்திரீ, மற்றவர் கைக்குழந்தை. குடைகள் எல்லாம் கறுப்பு.

முதலில் ஒரு தாடிக்காரரைக் கேட்டேன். அவர் மிளகு வியாபாரி, கொங்கணி பேசுபவர். இரண்டாமவர் காது கேளாதவர். மூன்றாமவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மலையாளத்தில் பொரிந்தார். பக்கத்தில் நின்றவர் எனக்காகத் தமிழில் சொன்னார்: “நெத்தியில் இத்தனை சந்தனம் போட்டுண்டு நிக்கறேன், என்னைப் பார்த்தா ராவுத்தரைப் போலவா இருக்குன்னு கேக்கறார்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஏழு மணிப் படகு போயிற்று. எட்டு மணிப் படகும் போயிற்று. கரையில் கூட்டம் இல்லாமல் போனபோது, கறுப்புக் குடையோடு நின்றது நான் ஒருவன்தான்.

ஒன்பது மணிக்கு பஜார் ரோட்டுக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் கிடங்குகள். சுக்கு, மிளகு, மஞ்சள் எல்லாம் கலந்த வாசனை மூக்கில் ஏறி அப்படியே தங்கிவிடுகிறது. மூட்டை ஏற்றிய கைவண்டிகளை இழுத்தபடி ஆட்கள் பாடுவதுபோல ஏதோ கூவிக்கொண்டு வருகிறார்கள். ஒதுங்காதவனுக்கு அது வசவாக மாறுகிறது. எனக்கு இரண்டு தடவை மாறிற்று. ஒன்பது வருஷமாக உறையின் மேல் நான் எழுதிய அந்த முகவரியை, ஒரு கிடங்கு வாசலில் பெயர்ப்பலகையாகப் பார்த்தபோது கால் நின்றுவிட்டது.

உள்ளே சுமைகூலிகளின் தலைவர் ஒருவர், மூப்பன் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள், சாயா குடித்துக்கொண்டிருந்தார். ராவுத்தரைக் கேட்டேன்.

“ராவுத்தரோ? யாத்ர போயல்லோ” என்றார். பயணம் போயாயிற்றே என்று அர்த்தம். “சனியாழ்ச்ச போயி. லீவாணு.”

சனிக்கிழமையே. நான் பாளையங்கோட்டையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாள். என் வாயில் வந்த கேள்வி எனக்கே சிறுபிள்ளைத்தனமாக இருந்தது. “தனியாகவா போனார்?”

மூப்பன் யோசித்தார். “அல்ல, அல்ல. கூட ஆளுண்டாயிருந்நு.”

கூட ஆள் இருந்தது. அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. “எந்தெங்கிலும் பறயணோ?” என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்கிறார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று பகல் இரண்டு மணி வரை நடந்தேன் என்பது நினைவிருக்கிறது. எங்கெங்கே என்பது வரிசையாக நினைவில்லை. கோட்டைப் பக்கம் சீன வலைகள் தண்ணீரில் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்தேன். அவ்வளவு பெரிய வலை, நாலைந்து பேர் தொங்கி இழுக்கிறார்கள். ஏறி வரும்போது உள்ளே ஒரு கை மீன். யூதத் தெருவில் ஒரு கிழவர் சன்னலுக்குள்ளிருந்து எனக்கு வணக்கம் சொன்னார். அன்று என்னை மனிதனாகப் பாவித்தவர் அவர் ஒருவரே என்று அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால் அது அநியாயம். சாயாக் கடை ஒன்றில் புட்டும் பழமும் சாப்பிட்டேன். பழத்தைப் புட்டோடு பிசைந்து சாப்பிட வேண்டும் என்று தெரியாமல் தனித்தனியாகச் சாப்பிட, எதிரே இருந்த இருவர் என்னைப் பார்த்துக் கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

நடந்த நேரமெல்லாம் ஒரே கணக்குத்தான். பார்க்காமலிருந்தால் இந்தச் சிநேகம் நீடிக்கும் என்று ராவுத்தர் நினைத்துவிட்டாரா? வீட்டுக்கு வர வேண்டாம் என்றது ஓட்டுக்காகவா, எனக்காகவா? கடிதங்களில் நான் பிழை திருத்துவதில் ஓயாதவன். அப்படிப்பட்ட ஆளோடு ஏழு நாள் என்று பயந்து, வேறு நல்ல துணையாகப் பார்த்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பியிருக்கலாம். யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள் என்றுகூடத் தோன்றியது.

பையை எடுக்கப் போனபோது ஐயர், “இன்னும் ஒரு நாள் இருந்து பாருங்கோளேன். யாருக்கு என்ன தடங்கலோ” என்றார். “இன்று இரவு ஆலப்புழை என்று அட்டவணையில் இருக்கிறது” என்றேன். ஐயர் உள்ளே போய் ஒரு பொட்டலம் கட்டித் தந்தார். படகில் பிரித்தபோது நாலு இட்லி, எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. தேங்காயெண்ணெய்தான். இருந்தாலும் முழுவதையும் சாப்பிட்டேன்.

ஆலப்புழைப் படகு பாதி வழியில் நின்றது. இயந்திரத்தின் விசிறியில் தண்ணீர்ப்பாசி சுற்றிக்கொண்டதாம். ஓர் ஆள் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தார். பயணிகள் யாரும் பதறவில்லை. குடும்ப விவகாரங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி தன் மருமகனைப் பற்றி இன்னொருத்தியிடம் சொன்னது பாதி புரிந்தது: “கடிதாசு போடுவான், தேன் மாதிரி இருக்கும். ஆளு வந்தா வாயைத் திறக்க மாட்டான்.” நான் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆலப்புழை. காலை ஏழு மணிக்கு விடுதி முற்றத்தில் உட்கார்ந்து நேந்திரம்பழம் உரித்தேன். இரவு கொல்லம் போய்ச் சேர்ந்தேன். அன்றைய நாளில் எழுதும்படி வேறெதுவும் இல்லை.

புதன்கிழமை, வைகாசி 3, வர்க்கலை. ரயில் நிலையத்திலிருந்து கடலுக்கு நடந்தேன். தென்னந்தோப்பு, வயல், வேலி என்று சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்த பாதை ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் நிலமே இல்லை. காலடியில் சிவப்புச் சுவர் செங்குத்தாக இறங்குகிறது. அடியில் வெள்ளைக் கோடாக அலை. சுவரின் இடுக்குகளிலிருந்து ஊற்றுத் தண்ணீர் கசிந்து, செம்மண்ணில் கறுப்பாக வழிகிறது. தெற்கே பார்த்தால் குன்று வளைந்து வளைந்து, ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் நிறம் குறைந்து, கடைசி வளைவு புகைபோல இருந்தது. ராவுத்தர் எழுதிய ‘கத்தியால் அறுத்தாற்போல’ என்ற சொற்கள் சரிதான். அவரிடமே அதைச் சொல்லத் திரும்பினேன் என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் திரும்பினேன்.

குன்றின் விளிம்பை ஒட்டி ஓலைக்கூரை போட்ட சாயாக் கடை. நடத்துபவர் பெயர் குட்டப்பன். ஒரு பள்ளி ஆசிரியர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். சுவரில் நாள்காட்டி தொங்கியது. மலையாள எழுத்து எனக்குத் தடவித் தடவிப் படிக்க வரும். புதன், எடவம் 2 என்று இருந்தது.

“உங்கள் நாள்காட்டியில் அச்சுப்பிழை இருக்கிறது. இன்று மூன்று” என்றேன்.

குட்டப்பன் ஆசிரியரைப் பார்த்தார். “சாறே, இவர் வந்து அரை மணி ஆகலை, எங்க தேதியை மாத்தறார்” என்று மலையாளத்தில் சொன்னார்.

ஆசிரியருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். “இன்னைக்கு இரண்டுதான். சூரியன் ராசி மாறினது திங்களாழ்ச்ச சாயங்காலமாக்கும். உங்க பஞ்சாங்கத்திலே, அஸ்தமனத்துக்கு முன்னே மாறினா அன்னைக்கே ஒண்ணாம் தேதி. எங்களுக்கு அப்படியில்லை. உச்சி கழிஞ்சு மாறினா, மறுநாள்தான் ஒண்ணு. எல்லா மாசமும் இப்படி வராது. சில மாசம் ஒத்துப்போகும், சில மாசம் ஒரு நாள் தள்ளும்.”

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். எடவம் ஒன்று செவ்வாய்க்கிழமை.

முப்பது வருஷமாகப் பஞ்சாங்கம் பார்த்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பரமு ஐயர் சரியாகச் சொன்ன தேதியை நான் திருத்தினேன். ஆலப்புழையில் நான் பழம் உரித்துக்கொண்டிருந்த அதே காலை ஏழு மணிக்கு, மட்டாஞ்சேரித் துறையில் ராவுத்தர் குடையோடு நின்றிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை போனவர் அல்லவா? கூட ஆளும் இருந்ததே? எங்கோ போய்விட்டு எடவம் ஒன்றுக்குத் திரும்பியிருக்கலாமே? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஒன்று மட்டும் தெளிவு: அவர் அவருடைய தேதிப்படி கிளம்பியிருந்தால் எடவம் மூன்றாம் தேதி வர்க்கலையில் இருப்பார். அது நாளை.

வியாழக்கிழமை காலை முதல் குட்டப்பன் கடைக்கு முன்னால், நிலையத்துப் பாதை தெரியும்படி உட்கார்ந்தேன். பாதையில் வந்தவர்கள் எல்லாருக்கும் கறுப்புக் குடை இருந்தது. கீழே கடற்கரையில் இறந்தவர்களுக்குப் பிண்டம் போட வந்தவர்கள் ஈரத்துணியோடு குனிந்து நிமிர்ந்தார்கள். மேலிருந்து பார்க்க அவர்கள் விரல் நீளம்தான். பகலில் காற்று ஏறி, அலையின் சத்தம் குன்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. குட்டப்பன் மூன்று தடவை சாயா கொண்டுவந்தார். “கூட்டுக்காரன் வருமோ சாறே?” என்பார். “வருவார்” என்பேன். நாலாவது தடவை அவர் கேட்கவில்லை. சாயாவை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அன்று யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வடக்கே திரும்பினேன். ஊருக்குப் போவதற்கு அது வழி அல்ல என்பது தெரியும். கிடங்கில் ஒரு கடிதமாவது எழுதி வைத்துவிட்டு வர வேண்டும் என்று இருந்தது. தேதியை நான் தவறாகப் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்ளும் கடிதம்.

மாலை நாலரைக்கு எர்ணாகுளத்துப் படகு மட்டாஞ்சேரித் துறையில் அணைந்தது. வரிசையாக இறங்கினோம். எனக்கு முன்னால் தோல்பையோடு ஒருவர். கரையில் கால் வைத்ததும் அவரை ஒரு மனிதர் மறித்தார். குள்ளம், நரைத்த குறுந்தாடி, தோளில் துணிப்பை, கக்கத்தில் கறுப்புக் குடை. வெயிலில் முகம் கன்றிப்போயிருந்தது.

“சார் பாளையங்கோட்டையோ?”

அவர் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். குள்ள மனிதர் கொஞ்சமும் வாடாமல் என்னைப் பார்த்து அதையே கேட்டார். “சார் பாளையங்கோட்டையோ?”

“பாய்” என்றேன்.

“சங்கரலிங்கம் சாரா!” என்று அவர் குடையைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். துறையில் டிக்கெட் கிழிப்பவர் எழுந்து நின்று, “வந்நோ? வந்நோ?” என்று கத்தினார். துறைக் கூலிகள் இருவர் ஓடி வந்து என்னைச் சுற்றிப் பார்த்தார்கள். நாலு நாளாக அந்தத் துறை முழுவதும் எனக்காகக் காத்திருந்திருக்கிறது.

எல்லாம் சாயாக் கடையில்தான் தெரிந்தது. ஓடு மாற்றுவதால் சனிக்கிழமை மனைவியை ஆலுவாயில் அவர் தாய் வீட்டில் விடப் போனார் ராவுத்தர். மூப்பன் சொன்ன ‘கூட ஆள்’ அந்த அம்மாள். திங்கள் ராத்திரி திரும்பினார். எடவம் ஒன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி முதல் துறையில்.

“கிடங்கில் யாரும் சொல்லவில்லையா, நான் திங்கட்கிழமை வந்து கேட்டதை?”

“லீவில இருக்கற ஆளு கடைப் பக்கம் போனா, ‘ஒரே ஒரு சீட்டு எழுதிட்டுப் போ’ன்னு உக்கார வெச்சிருவாங்க சார். அந்தப் பக்கமே தலை காட்டலை.” பிறகு நாள் வாரியாகச் சொன்னார், அவரும் என்னைப் போலத்தான். “செவ்வாய்க்கிழமை, வண்டி தப்பியிருக்கும்னு நெனச்சேன். புதன்கிழமை, சாருக்கு மேலுக்கு முடியலையோன்னு பேடியும் பயமுமாப் போச்சு. நேத்து பாளையங்கோட்டைக்குக் கம்பித் தந்தி அடிச்சேன். இன்னைக்கு, கம்பிக்குப் பதில் இல்லைன்னா ஆளு வழியிலதான் இருக்காருன்னு தோணிச்சு.”

“நான் வரமாட்டேன் என்று ஒரு நேரமும் தோன்றவில்லையா?”

அவருக்குக் கேள்வி புரியவில்லை. “அதெப்படி? எழுதியிருந்தீங்களே” என்றார்.

நான் தேதிக் குழப்பத்தைச் சொன்னேன். ராவுத்தர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “நாம ரெண்டு பேரு! ஊரான் தேதியெல்லாம் திருத்தற ரெண்டு பேரு!” சிரிப்பு அடங்கியதும் சட்டென்று முகம் மாறியது. “அப்போ இத்தனை நாளும் சார் எங்க இருந்தீங்க? வர்க்கலை பாத்துட்டீங்களோ?”

நான் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார். “கேக்கறதுக்குத் தப்பா நெனைக்காதீங்க. பாத்திருந்தாலும் சாரமில்லை, பரவாயில்லை. நான் இங்க வந்து பதினேழு வருஷம். எங்க லாரி மாசத்துல ரெண்டு தடவை அந்த வழியாப் போகும். டிரைவர் கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். சாரோட போகணும்னுதான் ரெண்டு வருஷமா அதை அப்படியே வெச்சிருக்கேன்.”

“இல்லை. கொல்லத்திலேயே தங்கிவிட்டேன்” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அன்றிரவு ஐயர் கடை மாடியில் நாட்குறிப்பைத் திறந்து, வைகாசி மூன்று, நான்கு ஆகிய தேதிகளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் மூடினேன். முப்பது வருஷத்தில் காலியாக விட்ட நாட்கள் அவை மட்டுமே. மனைவி இறந்த நாளைக்கூட எழுதியிருக்கிறேன்.

ராவுத்தருக்கு மூன்று நாள் மீதி. கன்னியாகுமரி வரை நடக்காது. அட்டவணையில் மற்ற ஊர்களை அடித்துவிட்டு வர்க்கலை மட்டும் என்று முடிவு செய்தோம். சனிக்கிழமை வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பேச்சு வருமா என்று கவலைப்பட்டேன் என்று சொன்னேன் அல்லவா? வந்தது, அவர் பேசினார். நான்தான் பாதி நேரம் அடுத்த பொய்க்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேலி தாண்டி, பாதை முடியும் இடம் வந்தது. ராவுத்தர் பேச்சை நிறுத்தினார். துணிப்பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது; எடுக்கவில்லை. நான் கடலைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். முதல் தடவை பார்ப்பவனின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அதன்படி என் முகத்தையும் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் குட்டப்பன் கடையிலிருந்து வெளியே வந்தார். அவரைப் பற்றி நான் யோசித்திருக்கவே இல்லை. என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, சந்தோஷமாக, உரத்த குரலில் மலையாளத்தில் சொன்னார்: “முந்தாநாள் பகல் முழுக்க இங்கேயே உட்கார்ந்திருந்த சாரல்லவா! காத்திருந்த கூட்டுக்காரர் வந்துவிட்டாரா? இவர்தானா?”

அவ்வளவும் எனக்குப் புரிந்தது. ஐந்தாறு நாளில் அந்த அளவு மலையாளம் ஏறியிருந்தது. பதினேழு வருஷமாக அந்தப் பாஷையில் வாழ்பவர் என் பக்கத்தில் நின்றார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “என்ன சொல்கிறார்?” என்று கேட்டேன்.

ராவுத்தர் குட்டப்பனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து துணிப்பையை எடுத்து, ஒட்டிய செம்மண்ணை நிதானமாகத் தட்டினார்.

“காத்து பலமா இருக்காம் சார்” என்றார். “ரொம்ப ஓரத்துக்குப் போகாதீங்கன்னு சொல்றாரு.”

இருவரும் இரண்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தோம்.